பதினாலாவது கையெழுத்து

கனகசெட்டிக்குளம் பிரேம்குமாருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எத்வால் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரனாகவும் கேப்டனாகவும் பதினைந்து வருஷமாக அவனைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எதிரணி ஃபார்வர்டு எவனாவது ஜெர்சியைப் பிடித்து இழுத்தால், இவன் கிட்டே போய்க் காதோரம் ஏதோ சொல்வான். என்ன சொன்னான் என்று வேறு யாருக்கும் கேட்காது. ஆனால் இழுத்தவன் அடுத்த இருபது நிமிஷம் மைதானத்தின் மறுபக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

எத்வால் என்றால் பிரெஞ்சில் நட்சத்திரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி அரசாங்கக் கச்சேரிக் குமாஸ்தாக்கள் சிலர் சாயங்காலப் பொழுது போகாமல் தொடங்கிய கிளப் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாரீசுக்குப் போய்விட, கிளப் கை மாறி, கை மாறி, கடைசியில் விழுப்புரம் சாலையில் மனை போட்டு விற்கிற ராமலிங்கத்திடம் வந்து சேர்ந்தது. நட்சத்திரம் இப்போது லீக்கில் கீழிருந்து மூன்றாவது இடத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. ராமலிங்கத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மனை விளம்பரத்தில் போடுவதற்கு ஒரு கோப்பைப் படமும், பின்னால் வரிசையாக நிற்க இருபத்திரண்டு ஆட்களும் இருந்தால் அவருக்குப் போதும்.

பிரேம்குமாரின் அப்பா கன்னியப்பன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போய்வந்தவர். அம்மா ராஜாம்பாள் மீன் கூடையோடு டவுனுக்கு முதல் பஸ் பிடித்தவள். பையன் கடற்கரை மணலில் ஓடி ஓடிக் காலை வளர்த்தான். பத்தொன்பது வயதில் எத்வாலுக்கு விளையாடப் போனபோது, புல் தரையில் ஓடுவது அவனுக்கு மாடிப்படி இறங்குகிற மாதிரி சுலபமாக இருந்ததாம். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்த அன்றைக்குக் கால் இறுதி ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்குப் போனான். ஆட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று. இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்டால், "அன்னைக்கு ஆளு பத்தலண்ணே" என்பான். அப்படிப்பட்ட பிறவி அது. அவன் மனைவி சங்கவி ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்காருகிறாள். மகள் அபி மூன்றாம் வகுப்பு.

இந்த வருஷம் ஜனவரிச் சம்பளம் வரவில்லை. பிப்ரவரியும் பாதி போய்விட்டது. ஒருநாள் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கோல்கீப்பர் அய்யப்பன்தான் பேச்சை எடுத்தான். கருவடிக்குப்பத்துக்காரன், ஆறடி உயரம், மனதில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும்.

"நாளைக்கு யாரும் வர வேணாம்டா. எழுதிக் குடுத்துக் கேப்போம். எந்தத் தேதி குடுக்கறீங்கன்னு கேப்போம். அவ்ளோதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு எப்படியோ ராமலிங்கத்தின் காதுக்குப் போய், அன்று சாயங்காலமே பிரேம்குமாருக்கு ஆள் வந்தது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பிஸ்கட் வரும்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"பிரேமு, எங்க அப்பா அந்தக் காலத்துல ஐஸ் கம்பெனி வெச்சிருந்தாரு. தொறைமுகத்து வழக்கம் எனக்கும் தெரியும். உங்க அப்பா போன போட்டுல நடு சீசன்ல எவனாவது கணக்குக் கேட்டிருக்கானா சொல்லு. தடை போட்ட அன்னைக்குத்தானப்பா கணக்கு?"

பிரேம்குமார் விழுந்த இடம் இதுதான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பான். கன்னியப்பன் போன படகில், கடலுக்குப் போய்வருகிற நாட்களில் ஆட்களுக்கு வீட்டுச் செலவுக்கு மட்டும் ஏதோ கொடுப்பார்கள். மீதிப் பங்கு படகுக்காரரிடம் நிற்கும். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிற அன்று படகைக் கட்டிவிட்டு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காசு பாக்கியில்லாமல் தீர்த்துக்கொள்வார்கள். நடுவில் கணக்குக் கேட்பது கௌரவக் குறைச்சல். கேட்டவனை அடுத்த வருஷம் எந்தப் படகும் கூப்பிடாது. கன்னியப்பன் முப்பது வருஷத்தில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை, ஒரு தடவை கூட ஏமாந்ததும் இல்லை. மகனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

அவன் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். படகுக்காரர் அதே தெருவில் குடியிருக்கிறார். கோயில் திருவிழாவில் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள்தான் பந்தல்கால் ஊன்ற வேண்டும். ஏமாற்றினால் ஊரில் தலை காட்ட முடியாது. ராமலிங்கம் எந்தத் தெருவில் யாருக்குப் பயந்து வாழ்கிறார்? அவர் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று வழக்கத்தை வேடிக்கை பார்த்தவர், அவ்வளவுதான்.

"சீசன் முடிஞ்சதும் ஒரு பைசா பாக்கியில்லாம தீர்த்துடறேன். அதுவரைக்கும் கேக்க மாட்டோம்னு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடு. என் பார்ட்னருங்க கிட்டக் காட்டணும்" என்றார். பிரேம்குமார் அங்கேயே உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், அணியின் சார்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னான். அய்யப்பன் எழுந்து நின்றான்.

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"

"சீசன் முடியட்டும் அய்யப்பா."

"எனக்கு வாடகை மாசாமாசம் வருது. சீசன் முடிஞ்சா வருது?"

பிரேம்குமாரின் குரல் இறங்கியது. ஆனால் அன்றைக்குக் காற்றில்லை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. "பிச்சைக்காரனாட்டம் மாசாமாசம் கையேந்தாத. கேட்டா மரியாதை போயிடும்."

அய்யப்பன் குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டான். ஒரு மாதம் கோல் காத்தான். மார்ச் பதினேழாம் தேதி கையுறையைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் வீட்டு மாடிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டார்கள். பிரேம்குமார் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. கோபம் தணிந்தால் எடுப்பான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

மே முப்பத்தொன்றாம் தேதியோடு சீசனும் முடிந்தது, ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் முடிந்தது. ஜூன் ஒன்றாம் தேதி காலையில், தடைக்காலக் கணக்குக்குப் போகிற அவன் அப்பா மாதிரியே, பிரேம்குமார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனான். இந்தத் தடவை டீயும் இல்லை.

"கிளப்பையே வித்தாச்சேப்பா. மெட்ராஸ் பார்ட்டி. புதுசா வர்றவரைக் கேளு" என்றார் ராமலிங்கம்.

புதிதாக வருகிறவர் விக்ரம். சென்னையில் நான்கு ஜிம்மும் ஒரு பள்ளிக்கூடமும் வைத்திருப்பவர், பிரேம்குமாரை விட இரண்டு வயது சின்னவர். ஃபோனில் மரியாதையாகத்தான் பேசினார். "பாக்கி எதுவும் இல்லைன்னு சொல்லித்தான் பிரதர் எனக்கு வித்திருக்காங்க. உங்க லெட்டரே இருக்கே. கேக்க மாட்டோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க." கால்பந்து சங்கத்து ஆபீசுக்குப் போனால் அங்கேயும் அதே லெட்டரின் நகல். சம்பளம் நின்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்டிருந்தால்தான் புகார் எடுக்க முடியுமாம். கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள்.

இருபத்திரண்டு பேரின் ஐந்து மாத உழைப்பை அவன் ஒரே தாளில் எழுதித் தீர்த்திருந்தான். ஈசிஆர் பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு அவன் மூன்று காலாப்பட்டு பஸ்ஸை விட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய்ச் சங்கவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். லெட்டர் எழுதிக் கொடுத்ததை அவளிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

சங்கவி ஸ்கேன் சென்டரில் தினமும் நூறு பேருடைய பயத்தைப் பார்க்கிறவள். கத்தவில்லை. நேராக ஒன்று கேட்டாள்.

"மூணு மாசம்னு எதுல போட்டிருக்காம்?"

"சங்கத்து ரூல் புக்குல."

"அதுல அது மட்டுமா போட்டிருக்கும்? வாங்கினு வாங்க. அவங்க எது எதுக்குப் பயப்படணும்னும் போட்டிருக்கும் இல்ல?"

இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தான். அறுபத்துநாலு பக்கம், எறும்பு ஊர்கிற எழுத்து, முழுக்க இங்கிலீஷ். வேலை விட்டு வந்ததும் அவள் படித்துச் சொல்ல, இவன் ஒவ்வொரு விதியையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் கலெக்டர் ஆகியிருக்கலாம் என்று அவள் கிண்டல் செய்தாள். மூன்றாம் நாள் முப்பத்தொன்றாம் விதியில் அவள் விரல் நின்றது.

"ஏங்க, இதைக் கேளுங்க. கிளப்பு கை மாறினா, போன சீசன்ல ஆடினவங்கள்ல பதினாலு பேராவது நேர்ல வந்து மறுபடி கையெழுத்துப் போடணும். ஜூலை பத்து, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா புது டீமாம். கடைசி டிவிஷன்லேருந்து ஆடணுமாம்."

விக்ரம் விலை கொடுத்து வாங்கியது முதல் டிவிஷனில் ஒரு இடத்தை. அந்த இடம் போனால் அவர் கையில் மிஞ்சுவது ஒரு பழைய பிரெஞ்சுப் பெயரும், கிழிந்த நாலு வலையும்தான். பிரேம்குமார் ஆட்களை எண்ணிப் பார்த்தான். எட்டுப் பேர் போய்விட்டார்கள். அய்யப்பன் மார்ச்சிலேயே போனான். மற்ற ஏழு பேர் கேரளாவிலும் மணிப்பூரிலும் வேறு கிளப்புகளில் சேர்ந்துவிட்டார்கள். அணியில் மிச்சம் இருந்தது சரியாகப் பதினாலு பேர், அவனையும் சேர்த்து.

மறுநாள் மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் பதின்மூன்று பேரையும் உட்கார வைத்து, முதலில் மன்னிப்புக் கேட்டான். பிறகு விதியைச் சொன்னான்.

"போட்டை வித்தா, வாங்கறவன் தொறைமுகத்துக்கு வந்து பழைய ஆளுங்க கிட்ட, பாக்கி எதனா இருக்கான்னு கேப்பான். இருந்துச்சுன்னா, விக்கறவனுக்குக் குடுக்க வேண்டிய பணத்துல கழிச்சு ஆளுங்க கையில குடுத்துடுவான். அப்பறந்தான் ஆளுங்க கயித்தை அவுப்பாங்க. இந்தக் கிளப்புக் கயிறு இப்ப நம்ம பதினாலு பேரு கையில இருக்கு. இருபத்திரண்டு பேரு பாக்கியும் தீராம நான் அவுக்க மாட்டேன்."

"போனவனுங்களுக்கு எதுக்குண்ணே நாம நிக்கணும்?" என்று கேட்டான் ஆகாஷ். அணியின் ஃபார்வர்டு, இருபத்தைந்து வயது. தவணை கட்டாததால் அவன் பைக்கைப் போன வாரம்தான் ஃபைனான்ஸ்காரன் தூக்கிப் போயிருந்தான்.

"நடுவுல எறங்கிப் போனவனுக்கும் போன நாள் வரைக்கும் பங்கு உண்டு. அவனுங்களும் என் பேச்சைக் கேட்டுத்தான் கம்முனு இருந்தானுங்க."

"உன் பேச்சைக் கேட்டுத்தாண்ணே அஞ்சு மாசம் போச்சு. இப்பவும் உன் பேச்சைத்தான் கேக்கணுமா?"

கேள்வி நியாயமான கேள்வி. பிரேம்குமார் அவனை நேராகப் பார்த்தான்.

"வேணாம். உனக்கு இஷ்டம் இல்லன்னா நீ போய்க் கையெழுத்துப் போட்டுக்க. திட்ட மாட்டேன். ஆனா அவங்களுக்குப் பதினாலு வேணும். நான் ஒருத்தன் போடலன்னா பதிமூணுதான். நான் போட மாட்டேன்."

ஆகாஷ் எழுந்து போனான். இரண்டு நாள் கழித்து ராமலிங்கம் அவனைக் கூப்பிட்டு, பாக்கியை உடனே தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பைக் இல்லாத கோபத்தில் அவன் அங்கே வரை நடந்தே போனான், நடந்தே திரும்பி வந்தான். கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவன் ஒரு செய்தியோடு வந்திருந்தான்.

"அவுங்க நம்மகிட்டக் கெஞ்சப் போறதில்லண்ணே. அய்யப்பண்ணனும் போன சீசன் ஆளுதான். வேற எந்தக் கிளப்புலயும் சேரல. அவரு வூட்டுக்கு ராமலிங்கம் காரு போயிட்டு வந்துச்சாம். உனக்குப் பதிலு அவரைப் போட வெச்சிருவாங்க."

பிரேம்குமார் ஞாயிற்றுக்கிழமை காலை கருவடிக்குப்பம் போனான். மாமனார் வீட்டு மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி. அய்யப்பன் மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அய்யப்பா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. லெட்டர் குடுத்ததும் தப்பு. நீ சொன்ன மாதிரி கேட்டிருக்கணும்."

"இப்ப எதுக்கு வந்தே? நான் கையெழுத்துப் போட்டுருவேன்னா?"

பொய் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. "ஆமா, அதுக்கும்தான்" என்றான் பிரேம்குமார்.

அய்யப்பன் பிரஷைக் கீழே வைத்தான். "மாமனாரு சாப்பாட்டு நேரத்துல ஒன்னும் சொல்ல மாட்டாரு. நல்ல மனுசன். அதான் எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. நாலு மாசமா மேல தண்ணி ஏத்தறது, தொட்டி கழுவறது எல்லாம் நான்தான். யாரும் சொல்லல, நானா செய்யறேன். ராமலிங்கம் என் பாக்கியைக் குடுத்தா நான் ஏன் வாங்கக் கூடாது, சொல்லு?"

"வாங்கிக்க" என்றான் பிரேம்குமார். "உன் பணம் அது. ஆனா ஏழு பேரு இருக்கானுங்க. அதை மட்டும் நெனச்சுக்க."

"நீ நெனச்சியா அன்னைக்கு?" என்று கேட்டுவிட்டு அய்யப்பன் மறுபடி தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினான். பிரேம்குமார் படியிறங்கினான். மன்னிப்புக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கையில்தான் வந்திருந்தான். கிடைக்கவில்லை. ஆனாலும் வந்தது சரிதான் என்று தோன்றியது.

ஜூலை பத்து. டைல்ஸ் கடை மாடியில், மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் கூடினார்கள். நடுவில் மேசை. ஒரு பக்கம் ராமலிங்கம், விக்ரம். இன்னொரு பக்கம் சங்கத்து எழுத்தர் கொளஞ்சி, படிவத்தோடும் முத்திரையோடும். சுவரோரம் ஆட்டக்காரர்கள் பதினாலு பேர். ஏசி ஒன்று இருந்தது, அது ராமலிங்கத்தின் பக்கம் மட்டும் காற்று விட்டது.

விக்ரம் முட்டாள் இல்லை. முப்பத்தொன்றாம் விதி அவருக்கும் தெரிந்திருந்தது. ராமலிங்கத்துக்குத் தர வேண்டிய கடைசித் தவணையில் பிடித்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்திருந்த பதினாலு பேருக்கும் ஐந்து மாதச் சம்பளத்தை ஃபோனிலேயே அனுப்பினார். ராமலிங்கத்தின் முகம் சுண்டைக்காய் ஆனது. ஒவ்வொருவர் பையிலும் ஃபோன் சத்தம் போட, பையன்கள் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட எழுந்து வந்த ஆகாஷ், பேனாவைத் தொடாமல் பிரேம்குமாரைத் திரும்பிப் பார்த்தான்.

"மத்த எட்டுப் பேரு சார்?" என்றான் பிரேம்குமார்.

"அவங்க இப்ப நம்ம டீம்லயே இல்லையே பிரதர். ஆனா விட மாட்டேன். சீசன் முடிஞ்சதும் தீர்த்துடறேன்" என்றார் விக்ரம்.

சீசன் முடிந்ததும். அதே சொல், அதே அறை, அதே மேசை. பிரேம்குமாருக்குக் காது சூடேறியது. போன தடவை இந்தச் சொல்லைக் கேட்டு ஒரு லெட்டர் எழுதியவன் அவன். பையில் தொண்ணூறாயிரம் ரூபாய் வந்து கிடக்கிறது. அபியின் பள்ளிக்கூடப் பணம் அதில் இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"இப்ப, சார்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "எட்டுப் பேருக்கும் இப்ப. இல்லன்னா நான் போட மாட்டேன். உங்க தொண்ணூறாயிரத்தை இங்கியே திருப்பி அனுப்பிடறேன்."

ராமலிங்கம் சிரித்தார். "இவனை விடுங்க சார். இவன் போட வேணாம்" என்று சொல்லிவிட்டு உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தார். "வாப்பா அய்யப்பா."

அய்யப்பன் உள்ளேயிருந்து வந்தான். தலை நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. பிரேம்குமார் தரையைப் பார்த்தான். இவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் அந்த நேரத்தில் அவன் நினைத்தான்.

"என் பாக்கி?" என்று கேட்டான் அய்யப்பன்.

விக்ரம் கணக்குப் பார்த்தார். மார்ச் பதினேழு வரைக்கும் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அனுப்பினார். அய்யப்பன் ஃபோனை எடுத்து, பணம் வந்துவிட்டதா என்று நிதானமாகப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்தான். கொளஞ்சி படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"மத்த ஏழு பேருக்கு?"

"அதான்பா, சீசன் முடிஞ்சதும்..." என்றார் ராமலிங்கம்.

"எந்தத் தேதி?"

"என்னா?"

"பிப்ரவரி மாசம் நான் இதைத்தான் கேட்டேன். எந்தத் தேதின்னு. இன்னும் யாரும் பதில் சொல்லல."

பேனாவை மூடி மேசையில் வைத்தான். சுவரோரம் வந்தான். பிரேம்குமாரின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அய்யப்பன் அதைப் பார்த்தான், அதில் உட்காரவில்லை. ஒன்று தள்ளி இருந்ததில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். ஆகாஷும் மேசையை விட்டு வந்து சுவரில் சாய்ந்தான். கொளஞ்சி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

விக்ரம் ராமலிங்கத்தை வெளியே கூட்டிப் போனார். படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஏமாத்திட்டீங்களே சார் என்றது ஒரு குரல், பிசினஸ்ல இதெல்லாம் சகஜம் என்றது இன்னொன்று. திரும்பி வந்த விக்ரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க" என்றார். பிரேம்குமார் நோட்டை எடுத்தான். ஏழு பேருடைய பேர், பாங்கு எண் எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தான். நாலு லட்சத்து இருபதாயிரம், ஏழு தடவையாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பிரேம்குமார் ஃபோன் செய்தான். கோழிக்கோட்டுப் பையன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டான். இம்பாலில் இருந்தவன் பயிற்சியில் இருந்ததால் எடுக்கவில்லை. அவனுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். விக்ரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் நடந்தார். நாலு முப்பத்தைந்துக்கு அவனே கூப்பிட்டு, உடைந்த தமிழில், "வந்துச்சு கேப்டன், வந்துச்சு" என்றான். பிரேம்குமாருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவன் முயற்சி செய்யவில்லை.

பதின்மூன்று பேர் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகப் பிரேம்குமார் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தான். மணி நாலு நாற்பத்தெட்டு. விக்ரம் பெருமூச்சு விட்டு, அவன் தோளில் கை வைத்தார்.

"முடிஞ்சது பிரதர். இனிமே பழசெல்லாம் மறந்துடுவோம். நான் ராமலிங்கம் கிடையாது. இந்த சீசன் சம்பளம் எல்லாம் கரெக்டா வந்துடும், நீங்க கேக்கவே வேணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். பிரேம்குமாருக்கும் அது புரிந்தது. ஒரு காலத்தில் இப்படி ஒருவர் சொன்னால் அவன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். அய்யப்பன் பக்கம் திரும்பினான். அய்யப்பன் கட்டிய கையை அவிழ்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தத் தேதி சார்?" என்று கேட்டான் பிரேம்குமார்.

விக்ரம் கையை எடுத்தார். ஆட்டக்காரர்கள் பதினைந்து பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் பிரேம்குமாரின் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மாதாமாதம் ஐந்தாம் தேதி என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.